பெயர் மேலேற்று படலம்

வாழ்க விசைப்பலகை வேந்தர்! மூட்டை தூக்கியறியா முத்துத்தோளர், சுழல்நாற்காலிச் சிங்காதனர், பழங்காலக் கடிதங்களையெல்லாம் கணினியில் ஏற்றி உலகுக்கு ஈந்த வள்ளல் (ஏற்றியது வேறு ஆட்கள், ஈந்தது மட்டும் இவர்), கணினிவழி மனிதவியல் பேராசிரியர் வாழ்க! "இணையத்தில் மேலோர் இல்லை, கீழோர் இல்லை, முதலும் இல்லை, கடையும் இல்லை" என்று தடித்த நூலொன்றில் முழங்கிய அம்மாமேதை, அக்கடிதத் தொகுப்பின் இணையதளத்தைத் தம் வாழ்நாளில் முதன்முறையாகத் திறந்து பார்த்த காலையில், முகப்பில் தம் பெயர் இரண்டாவதாகக் கிடக்கக் கண்டு, வால் மிதிபட்ட அரவெனச் சீறினார்.

முதலில் நின்றது பதிப்பாசிரியையின் பெயர். கடிதம் கடிதமாகப் படித்துக் கண் தேய்ந்தவர் அவர். தேயட்டுமே! நண்பகலில் நிதிக்குழு அத்தளத்தைப் பார்க்கும். மேலே நிற்கும் பெயருக்கே புதிய ஆய்வு மையத்தின் தலைமை என்பது கட்டடம் முழுக்க அறிந்த சேதி.

எடுத்தார் சுட்டியை, தொடுத்தார் சொடுக்கை. கோட்டை மதில்மேல் கொடியேறுவதுபோல் அவர் பெயர் மேலேறிற்று. வெற்றிக் களிப்பில் தேநீரை வாயருகே கொண்டுபோன அக்கணமே, அந்தோ, பெயர் பொத்தென்று கீழே விழுந்தது! மீண்டும் ஏற்றினார், மீண்டும் வீழ்ந்தது. வியர்வை நெற்றியில் ஆறாய்ப் பெருக, வாழ்நாளில் உழைத்துச் சிந்தாததை ஒரு வரிக்காகச் சிந்தி, கண்ணுக்குத் தெரியாப் பகையோடு பொருதார். பின், புயலெனப் பக்கத்து அறைக் கதவைத் திறந்து முழங்கினார்:

"அம்மணி! மறைந்து நின்று தாக்குவது வீரமன்று! நேருக்கு நேர் வாரும்!"

பதிப்பாசிரியை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். "என்ன சார் சொல்றீங்க? காலையிலேர்ந்து கம்ப்யூட்டரையே தொடல. பல் வலி உயிர் போகுது. பாருங்க, எப்படி வீங்கியிருக்குன்னு."

அவ்வீக்கத்தை ஆணவத்தின் வீக்கமென்றே கொண்டு, கணினிக்காரரைப் படைத்துணைக்கு அழைத்தார் நம் வேந்தர். வந்தவர் திரையைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார்.

"சார், போன மாசம் நீங்கதானே சொன்னீங்க? அந்தம்மா முகப்புப் பக்கத்துல கை வச்சிடுவாங்க, யார் மாத்தினாலும் தானா பழையபடி திரும்பணும்னு. அப்படியே பண்ணி வச்சேன்."

"யார் என்றால், யாமுமா?"

"யார்னா எல்லாரும்தான் சார். உங்க புத்தகமே அதைத்தானே சொல்லுது!"

திறந்து பாராமலே பூட்டச் சொன்ன திருவாய் திறந்தபடி நின்றது. தம் பெயர் முதலில் இல்லாமல் வேறெங்கே இருந்துவிடும் என்ற நினைப்பில்தான் அன்று அப்படிச் சொல்லியிருந்தார்.

"சரி, பூட்டை உடை!"

"நீங்களும் அந்தம்மாவும் ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாத்தான் முடியும். அதுவும் நீங்க போட்ட விதிதான் சார்."

குழு வரக் கால்மணி நேரமே இருந்தது. அந்நெருக்கடியில், வணங்கா முடியை வணக்கி, முழங்கிய நாவில் தேன் தடவி, முகத்தில் இல்லாத சிரிப்பை இழுத்துப் பொருத்தி, வெண்கொடியென ஒரு தாளை ஏந்தி, சிங்காதனம் துறந்து, பகைவர் பாசறை நோக்கிப் பாய்ந்து நடந்து, கதவை மெல்லத் தட்டி, "அம்மா, அன்புத் தங்கையே" என்று உருகிக் குழைந்தபடி உள்ளே நுழைந்தார் விசைப்பலகை வேந்தர்.

அந்த அம்மா பல் பிடுங்கப் போய்விட்டார்.