மடி கொடுக்க முடியாத தாய்மாமன்

அன்புள்ள தங்கச்சி சூர்யகலாவுக்கு,

போடியிலிருந்து அண்ணன் அழகுமலை எழுதுவது. இங்கு நானும் உன் அண்ணியும் நலம். அங்கு நீ, மாப்பிள்ளை, உன் மாமியார், காது குத்தப்போகும் நம் பாப்பா எல்லோருக்கும் குலசாமி துணையிருக்கட்டும். சிலமலைக்கும் போடிக்கும் நடுவில் கடுதாசி எதற்கு என்று கேட்பாய். உன் போன் எப்போதும் ஸ்பீக்கரில் இருக்கிறது. நான் தும்மினால்கூட உன் மாமியார் 'நூறாயிசு' என்கிறார். இந்தச் சங்கதி அவர் காதுக்குப் போகக் கூடாது. மாப்பிள்ளைக்குத் தெரியவே கூடாது. படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

காதுகுத்துக்குத் தேதி சொன்னதிலிருந்து நான் சாக்குச் சொல்லிக்கொண்டிருப்பது உண்மைதான். ஜீப்பு ரிப்பேர் என்றேன், தேவாரம் பக்கம் யானை என்றேன், எஸ்டேட்டில் ஏலக்காய் எடுப்பு என்றேன். சீர் செய்யப் பயந்து அண்ணன் ஒளியிறான், பெரியப்பா மகன் மொக்கச்சாமி அண்ணன் மடியில பாப்பாவ உக்கார வச்சுக்கிறேன்னு நீ பேசினதா உன் அண்ணி வந்து சொன்னா. அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல. தோடு எடுத்து பீரோவுல வச்சாச்சு ஆத்தா. சீர்ல குறையில்ல, மடியிலதான் குறை. எனக்குப் படர்தாமரை. பாப்பா உக்கார வேண்டிய எடத்துலயே வந்துருக்கு.

எல்லாம் மழையால வந்தது. காய் எடுத்துட்டு நனைஞ்சு வந்தா எல்லாரும் லுங்கியை ஏலக்கா காயவைக்கிற ஸ்டோர்ல ஒரே கயித்துல போடுவோம், சூட்டுல வெரசா காயும்னு. எல்லாம் ஒரே மாதிரி கட்டம், கையில எது கிடைக்குதோ அதைக் கட்டிக்கிட்டு ஜீப்புல ஏற வேண்டியதுதான், மாப்பிள்ளைகூட எஸ்டேட் பாக்க வந்தன்னைக்கு நனைஞ்சுபோய் என் லுங்கியத்தான் கட்டிட்டுப் போனாரு. அரிப்பு ஆரம்பிச்சதும் மெடிக்கலுக்குப் போனேன். பின்னாடி பொம்பளைங்க நிக்கிறாங்க, கடைக்காரர் 'எந்த எடத்துலண்ணே?'ன்னு தெருவுக்கே கேக்குற மாதிரி கேட்டாரு. முழங்கைன்னுட்டேன். ஒரு ட்யூப்பு கொடுத்தாரு. போட்டதும் அரிப்பு போன எடம் தெரியல, நானும் விட்டுட்டேன். கொஞ்ச நாள்ல தட்டு அகலத்துக்குத் திரும்பி வந்துச்சு. மறுபடி ட்யூப்பு, மறுபடி அடங்குச்சு, மறுபடி பெருசாச்சு. மாத்திரையும் கொடுத்தாரு, அரிப்பு நின்ன அன்னைக்கே நிறுத்திட்டேன். தோல் மெலிஞ்சு கோடு கோடா ஆயிருச்சு. ஜீப்புல சொறியாம உக்காந்து வர்றதே ஒரு சோலி. 'தம்பிக்கு வீட்டுல என்ன கவலை, இப்படி நெளியுது'ன்னு பக்கத்துல உக்கார்ற பெரியம்மாள் அக்கா கேட்டுச்சு.

போடியில தெரிஞ்சவங்க பாத்துருவாங்கன்னு தேனிக்குப் போய்த் தோல் டாக்டரைப் பாத்தேன். உள்ள போனா உன் வயசுப் பொண்ணு. வெக்கத்துல அங்கயும் முழங்கையை நீட்டிட்டேன். திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, 'முழங்கை நல்லாத்தான இருக்கு, இதுக்கு என்ன செய்யணும்?'னு கேட்டுச்சு. அப்புறம் சுவத்தைப் பாத்துக்கிட்டே காட்ட வேண்டியதைக் காட்டினேன். ட்யூப்பைப் பாத்ததும் வஞ்சுருச்சு. இதுல ஸ்டீராய்டு கலந்திருக்கு, அரிப்பை அமுக்கிட்டுப் பூஞ்சையை வளக்கும், யாரைக் கேட்டுப் போட்டீங்கன்னுச்சு. வேற களிம்பும் மாத்திரையும் எழுதி, தடம் மறைஞ்சாலும் நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாதீங்க, துண்டு லுங்கி யாருக்கும் கொடுக்காதீங்கன்னுச்சு. பாப்பாவ மடியில வைக்கலாமான்னு கேட்டேன். 'குணமாகட்டும், அப்புறம் ஆசை தீர வச்சுக்கங்க'ன்னுச்சு. பஸ் ஸ்டாண்டுல வந்து நின்னப்ப எனக்கு அழுகையே வந்துருச்சு.

அதனால காதுகுத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடு ஆத்தா. உன் மாமியார்கிட்ட என்ன பொய் வேணும்னாலும் சொல்லு, என்னைக் கஞ்சன்னு மட்டும் சொல்லாதே. மடிக்கு என்னையே வை.

மாப்பிள்ளைக்கு என் வணக்கம். பாப்பாவுக்கு எட்ட நின்னு ஒரு முத்தம்.

கூனிக்குறுகி,
அண்ணன் அழகுமலை

பின்குறிப்பு: கவரை ஒட்டுறதுக்குள்ள மாப்பிள்ளை வண்டியில வந்து இறங்கிட்டாரு, வர்றீங்களா இல்லையான்னு முடிவு கேக்க நீதான் அனுப்புனியாம். மேசையில கெடந்த கடுதாசியைப் படிச்சிட்டாரு. நான் தலையைத் தொங்கப்போட்டு நிக்கிறேன், அவர் சட்டைப் பையிலிருந்து அதே ட்யூப்பை எடுத்து மேசையில வச்சாரு. புழுக்கமா இருக்குன்னு கொஞ்ச நாளா தனியாப் படுக்கிறார்னு உன் அண்ணிகிட்ட அழுதியாமே, காரணம் இதுதான், அவரை வையாதே, என் லுங்கிதான் வெனை. பாப்பா கழுத்துல வட்டமா இருக்கிறது நீ நினைக்கிற மாதிரி பூச்சிக்கடி இல்ல; அதுக்கும் உனக்குத் தெரியாம அந்த ட்யூப்பைத்தான் தடவியிருக்காரு. அதைச் சொன்னப்ப ரெண்டு பேருக்கும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்க முடியல. கடுதாசியை அவர் கையிலயே கொடுத்து விடுறேன். நாளைக்கு எல்லாரும் தேனிக்குப் போறோம், உன் மாமியாரையும் கூட்டிட்டு வா, பாப்பா அவங்க பாயிலதான் படுக்குதாம். காதுகுத்து எப்ப வச்சாலும் மொக்கச்சாமி அண்ணன் மடியில மட்டும் பாப்பாவ உக்கார வச்சுறாதே. நம்ம சொந்தத்துல சுத்தமா இருக்கிறது அவர் ஒருத்தர்தான்.