வம்சத்துக் கால்

நூற்றுப் பதினெட்டு கிலோ. 1983 தை மாதம், உத்திரமேரூர் அரிசி ஆலையில் மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நின்று பெருநகர் கிராமத்து வேதாசலம் ஊருக்குக் காட்டிய எடை இது. அறுவடை முடிந்ததும் நெல்லோடு தங்களையும் நிறுத்துப் பார்ப்பது அவர் குடும்பத்து ஆண்கள் வழக்கம். எடை குறைந்தால் விளைச்சல் மோசம் என்று அர்த்தம்.

இந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் வம்சக்காரர். உங்களுக்கும் தெரிந்தவர்தான். தொந்தி வந்தால் எங்கள் வாகு என்பார், மூச்சு வாங்கினால் எங்கள் உடம்பே இப்படித்தான் என்பார், பாட்டன் நிலத்தைப் போலவே நோயும் பட்டாவோடு வந்ததாக நினைத்து, அதில் எவராவது கை வைத்தால் வரப்பு வெட்டியவனைப் பார்ப்பது போலப் பார்ப்பார். வைத்தியமா? அது வம்சம் இல்லாதவர்களுக்கு.

மாசியில் வேதாசலத்தின் இடது கால் வீங்கிச் சிவந்து கொதித்தது. எண்ணெய் தடவி உருவிவிடச் சடையப்பனுக்குச் சொல்லியனுப்பினார். அவன் வருவதற்குள் மனைவி ராணியம்மாள் டாக்டரை அழைத்து வந்துவிட்டாள்.

“உங்கப்பாவுக்கும் இப்படி வீங்குச்சா?” என்றார் டாக்டர்.

“வீங்காம? நைனா, சித்தப்பா, எல்லாருக்கும் கால்தான். வம்சம் டாக்டரே.”

“அவங்க எப்படிப் போனாங்க?”

“ராஜா சாவு. நைனாவுக்குக் கால உருவிக்கினு இருந்தாங்க. நெஞ்சப் புடிச்சாரு, போய்ட்டாரு. நாப்பத்தாறு வயசு. சித்தப்பாவும் அதே மாரி. படுத்துக் கெடந்து யாரையும் பேஜார் பண்ணல.”

“சில குடும்பத்துல ரத்தம் சீக்கிரம் உறையும். உடம்பு பருமன் அதுக்கு இன்னும் தோது. உங்களுக்கு ரெண்டும் இருக்கு. கால்ல ரத்தம் கட்டியிருக்கும்னு நினைக்கிறேன். உருவினா அது கழண்டு நுரையீரல்ல போய் அடைக்கும். ரத்தத்த மாத்த முடியாது, எடைய மாத்தலாம்.”

“இத்தினி வருசமா உருவலியா நாங்க?”

ராணியம்மாள்தான் பதில் சொன்னாள். “மாமா, வர்ற சித்திரைக்கு உனக்கு நாப்பத்தாறு.”

வாசலில் எண்ணெய்க் கிண்ணத்தோடு நின்ற சடையப்பன் வந்த வழியே திரும்பினான்.

சிரிக்கிறீர்களா? ‘எங்க வீட்ல எல்லாருக்குமே இப்படித்தான்’ என்று நீங்கள் கடைசியாக எப்போது, எந்த நோவைப் பற்றிச் சொன்னீர்கள்?

வேதாசலம் இப்போது செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொள்கிறார். தம்பி வேதகிரியையும் நாளை பரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். தம்பிக்கு ஒழிவில்லை. அவர் அறுவடை இப்போதுதான் முடிந்தது; ஆலையில் நெல்லோடு அவரையும் எடை போடுகிறார்கள்.