நிக்காஹ் ஆல்பமும் கனடா விசாவும்

அன்புள்ள மச்சான் நூர் முகமது அவர்களுக்கு, நாகல் நகரிலிருந்து மைதீன் பிச்சை எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு யாவரும் சுகம். பழனியில் உங்கள் வீட்டாரும் கடையும் செழித்திருக்க துஆச் செய்கிறோம்.

நீங்கள் பேசி முடித்த சம்பந்தம் பிழைத்துக்கொண்டது மச்சான்! நேற்று தஹ்சீனுக்கு விசா வந்துவிட்டது. அல்ஹம்துலில்லாஹ்! இனி என் மகள் புருஷனோடு சேர்ந்து வாழ்வாள். மாப்பிள்ளையிடம் சொல்லத்தான் போன் கிடைக்கவில்லை, டூட்டியில் இருப்பார்.

பட்ட பாடு சொல்லி மாளாது. அந்தக் கனடாக்காரன் ஒரு காலத்தில் தோல் நிறத்தைப் பார்த்து ஆள் எடுத்தானாம். பிறகு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தேழில் வயசு, படிப்பு, பாஷைக்கு மார்க் போட ஆரம்பித்தானாம். அந்த மார்க்கில்தான் ரிஃபாத் மாப்பிள்ளை போய்ச் சேர்ந்தார். ஆனால் பெண்டாட்டியைக் கூப்பிட மார்க் செல்லாதாம், கல்யாணம் நிஜம்தானா என்று அத்தாட்சி வேண்டுமாம், ஜோடி போட்டோ அனுப்பு என்கிறான். நம்ம நிக்காஹ்ல மாப்பிள்ளை ஆம்பளைக பக்கம், பொண்ணு பொம்பளைக பக்கம். சேர்த்து எடுக்க வந்த போட்டோக்காரரை, "நிக்காஹ் ஓத வந்த ஹஜ்ரத் பாக்குறாரு, அங்கிட்டுப் போங்கய்யா"ன்னு விரட்டினதே நான்தானே! ஐநூறு போட்டோவிலும் மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்து நிற்பது நான், அவர் வாயில் ஸ்வீட் ஊட்டுவது நான். ஆபீசர் என்ன நினைத்தாரோ, இது போதாது என்று எழுதிவிட்டார். உங்கள் தங்கச்சி காதர் பீவி, "ஒங்களையே கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க"ங்கறா. மகளுக்குச் சோறு இறங்கலை.

கடைசியில், இருவரும் போனில் எழுதிக்கொண்டதை அனுப்பலாம் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். ஜெராக்ஸ் கடையில் எடுத்தால் நானூறு பக்கம், அம்புட்டும் சண்டை. அவ அத்தா என்னை வச்சும் ஒண்ணு:

"எங்கத்தாவுக்குச் சலாம் சொன்னீங்களா?"

"நேத்தே சொன்னேன்ல."

"சொன்ன லட்சணம் தெரியும்."

கடைக்காரர் படித்துவிட்டு, "பாய், இது அசல் புருஷன் பெண்டாட்டிதான்"னாரு. ஆபீசருக்கும் அப்படித்தான் பட்டிருக்கும் போல; பதினெட்டே நாளில் விசா! மனசு குளுந்து கிடக்கு மச்சான்.

அல்லாஹ் உங்களுக்கு ஆயுளும் பரக்கத்தும் தரட்டும்.

இப்படிக்கு,
மைதீன் பிச்சை

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் வாசலில் ஆட்டோ நின்றது. பெட்டி படுக்கையோடு ரிஃபாத் மாப்பிள்ளை! விசா வராது என்று முடிவுகட்டி, வேலையை விடுவதாகவும் எழுதிக்கொடுத்துவிட்டு, ஒருத்தரிடமும் சொல்லாமல் விமானம் ஏறியிருக்கிறார். "தனியா இருக்க ஏலல மாமா, இங்கிட்டே பொழச்சுக்கிறேன்"ங்கறாரு. கூப்பிட்டவர் அங்கே இல்லாவிட்டால் விசாவும் செல்லாதாம். நல்லாத் திட்டணும்னு வாயைத் திறந்தேன். உள்ளேயிருந்து தஹ்சீன் சிரிக்கிற சத்தம். எட்டு மாசம் கழிச்சுச் சிரிக்கிறா மச்சான். மாப்பிள்ளை பெட்டியை நானே உள்ளே தூக்கிட்டுப் போனேன்.