கர்ட்டன் அண்ணாச்சியும் அப்பாவின் ரெண்டாங் கல்யாணமும்

இன்டர்நெட்டைக் கண்டுபிடித்தவர்களே நேரில் வந்து கதவைத் தட்டினாலும், "கூட யாரு வந்திருக்கா?" என்று எட்டிப் பார்க்காமல் உள்ளே விடமாட்டார் எங்கள் கர்ட்டன் அண்ணாச்சி. பெற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் தாராவியில் யாருக்கும் தெரியாது. அவரும் சொன்னதில்லை. திரைச்சீலைக் கடை வைத்திருக்கிறார், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். தொழில் திரை விற்பது, வியாதி வெப்சைட்டுகளைச் சந்தேகப்படுவது.

வியாதி வந்ததற்குக் காரணம் உண்டு. ஒருநாள் ஏதோ ஒரு சைட்டில் புது டிசைன் திரைகளைப் பார்த்திருக்கிறார். அன்றிலிருந்து அவர் செய்தி படித்தாலும் திரை விளம்பரம், பஞ்சாங்கம் பார்த்தாலும் திரை விளம்பரம். "கர்ட்டன் விக்கிறவன்ட்டயே கர்ட்டன் விக்க வாரானுவளே, இவனுவளுக்கு யாருல சொன்னது?" என்று கொதித்துப்போனார். கடைக்கு வந்த கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர் ஒருவர் வித்தையைச் சொல்லிக்கொடுத்தார். சைட்டைத் திறந்து ஒரு பொத்தானை அழுத்தினால், அந்தப் பக்கம் நமக்குத் தெரியாமல் வெளியில் யார் யாருக்கெல்லாம் தகவல் அனுப்புகிறது என்று ஓரத்தில் வந்துவிடும். அண்ணாச்சி அதைப் பார்த்தார். பார்த்தவர் பார்த்தவர்தான்.

"நாம ஒரு கடைக்குப் போறோம். கடைக்காரன் நம்மளப் பாக்கட்டும், நியாயம். பரண் மேல நாலு பேரு ஒளிஞ்சிருந்து பாத்தா அது என்னல நியாயம்?" இதுதான் அவருடைய கட்சி.

மாட்டுங்காவில் ஒரு ஓட்டலில் மெனுவைப் போனில்தான் பார்க்க வேண்டும் என்றார்கள். பார்த்தார். கூடவே பரணையும் பார்த்துவிட்டார். "ஒரு நெய்ரோஸ்ட் திங்க எதுக்குவே இத்தன பேருக்குத் தாக்கல் சொல்லணும்?" என்று எழுந்தவர், பசியோடு உட்கார்ந்திருந்த மனைவியையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய் வடாபாவ் வாங்கிக்கொடுத்தார். அந்த அம்மாள் இன்றைக்கும் அந்த ஓட்டல் வழியாக நடக்கும்போது பெருமூச்சு விடுவார். கல்யாண் என்ற ஊரிலிருந்து மச்சினன், மகள் கல்யாணத்துக்கு வெப்சைட்டிலேயே பத்திரிகை அனுப்பினான். அண்ணாச்சி பதில் போட்டார்: "முகூர்த்தத்துக்கு வந்துடுதோம். உம்ம பத்திரிகைக்குள்ள அழைக்காத ஆளுக உக்காந்திருக்கு, அதுகளுக்கும் சேத்து எலை போடும்." மச்சினன் ஆறு மாதம் பேசவில்லை. குக்கீயை ஏற்கிறீர்களா என்று எந்த சைட் கேட்டாலும் ஒவ்வொரு கட்டமாக "வேண்டாம், வேண்டாம்" என்று வாய்விட்டுச் சொல்லி அழுத்துவார். சயான் ஸ்டேஷனில் அப்படி நின்று அவர் விட்ட லோக்கல் வண்டிகளை நானே பார்த்திருக்கிறேன்.

இப்படிப்பட்டவரை எங்கள் அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டாள். கூப்பிட்ட காரணம், அப்பா.

அறுபத்தெட்டு வயதில் அப்பா போனில் நியூஸ் பார்த்தால், நடுவில் ஒரு பெண் வந்து, "மறுமணத்துக்குத் தயாரா?" என்று சிரிக்கிறாள். கிரிக்கெட் ஸ்கோர் பார்த்தால் வேறொருத்தி வருகிறாள். அம்மா இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் அப்பாவுக்கு டீ வரவில்லை.

"நீரு தேடாம இவளுவ எப்படி வருவாளுவ?" என்றாள் அம்மா.

"நானா கூப்பிட்டேன்? சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது, புள்ள" என்றார் அப்பா.

"கூப்பிடாம யாராச்சும் வருவாளுவளா? சும்மா காலிபீலி சத்தியம் பண்ணாதயும்."

விஷயம் தெரிந்த ஒரே ஆள் என் தங்கை செல்வி. புருஷனை இழந்து நாலு வருஷமாக எங்களோடு இருக்கிறாள். செம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க். அவள் போன் ரிப்பேருக்குப் போயிருந்தபோது அப்பாவின் போனில் எங்கள் கல்லிக்காரர்கள், அதாவது சந்துக்காரர்கள், சேர்ந்து நடத்தும் சங்கத்தின் வெப்சைட்டைத் திறந்து மறுமணப் பக்கத்தைப் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு ஹிஸ்டரியையும் அழித்துவிட்டாள். ஆனால் அந்தப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்த விளம்பரக் கம்பெனி அதற்குள் அப்பாவின் போனைக் குறித்துக்கொண்டுவிட்டது.

"அண்ணே, நானே அப்பாட்ட சொல்லணும்னு இருந்தேன். மனசத் தேத்திக்கிட்டு மெதுவா. இப்படி மாட்டிக்கிட்டு இல்ல" என்று என்னிடம் அழுதாள். துப்புத் துலக்க வருகிறவர் யாரோவாக இருந்தால் சமாளிக்கலாம். வருகிறவர் கர்ட்டன் அண்ணாச்சி.

வந்தார். போனை வாங்கினார். "இந்த விளம்பரம் ஏன் வந்தது" என்ற இடத்தை அழுத்தினார். விரல் நின்றது.

"அண்ணே, நம்ம சங்கத்து சைட்டத் தொறந்தீரோ?"

"அங்க எனக்கு என்ன ஜோலி?"

அம்மா அப்பாவை முறைத்தாள். செல்வி அடுப்புப் பக்கம் திரும்பி நின்று, கொதித்து முடித்த சாம்பாரைக் கிண்டிக்கொண்டே இருந்தாள். அண்ணாச்சி அவள் முதுகை ஒரு கணம் பார்த்தார்.

எங்கள் கல்லியில் பகலில் யாரும் கதவைச் சாத்துவதில்லை, திரைதான். காற்றில் அது விலகும். அதனால் எந்த வீட்டு வாசலைத் தாண்டுவதற்கு முன்பும் ஒரு தடவை செருமிவிட்டு, தரையைப் பார்த்தபடி தாண்டுவோம். குழந்தைகள்கூடச் செய்யும். அண்ணாச்சி எங்கள் வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டே ஒரு செருமல் செருமினார். பிறகு தரையைப் பார்த்தார்.

"மதினி, அண்ணன் மேல தப்பில்ல. போன வாரம் எங் கடையில சார்ஜுக்குப் போட்டுட்டுப் போனாருல்லா, அப்ப நாந்தான் இதுல சங்கத்து சைட்ட சோதிச்சேன். கேக்காம தொட்டுட்டேன்."

என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. அடுத்தவர் போன் மேசையில் கிடந்தால் கையைக் கட்டிக்கொள்ளும் மனுஷன் அவர்.

அம்மா விடுவாளா? "ஊர்ல உள்ள சைட்டயெல்லாம் குத்தம் சொல்லுதீரு, அடுத்த வீட்டுப் போன நோண்டுதீரு. என் குடும்பத்துல சண்ட மூட்டி லஃப்டா பண்ணிட்டீரே."

"தப்புதான் மதினி" என்று குனிந்த தலை நிமிரவில்லை. போனில் ஒட்டியிருந்ததையெல்லாம் துடைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். அப்பாவுக்கு டீ வந்தது. செல்வி சாம்பாரை இறக்கினாள்.

மறுநாள் அண்ணாச்சி சங்கத்து ஆபீஸில் உட்கார்ந்துவிட்டார். "எத்தன பேரு வாராங்கன்னு தெரிஞ்சுக்கத்தானே அண்ணாச்சி அந்த விளம்பரக் கம்பெனிய சைட்டுல போட்டோம், ஃப்ரீயா தந்தான்" என்றார் செயலாளர்.

"எத்தன பேருன்னு நீரே எண்ணிக்கிடும். யாருன்னு வெளிய எதுக்குச் சொல்லணும்? என் பின்னால வராதன்னு போன்லயே செட்டிங் போட்டு வச்சிருக்கேன், அப்பயும் உம்ம சைட்டு வருது. சொன்னா கேக்கணும்லா."

அந்த வாரமே சைட்டிலிருந்து வெளியாட்களையெல்லாம் தூக்கிவிட்டார்கள். ஆனால் அம்மாவின் வாய் சும்மா இருக்குமா? "போன் நோண்டி" என்று கல்லியே அவரைக் கிண்டல் செய்தது. மச்சினன் கல்யாணிலிருந்து அதற்காகவே போன் பண்ணிச் சிரித்தான். அண்ணாச்சி ஒருவருக்கும் மறுத்துச் சொல்லவில்லை.

நாலு மாதம் கழித்து செல்வி தானாகவே அப்பாவின் எதிரில் உட்கார்ந்து சொன்னாள். மான்குர்தில் ஒருவர், ஒர்க்ஷாப் வைத்திருக்கிறார், பேசிப் பார்த்தேன், பிடித்திருக்கிறது என்று. அப்பா கையிலிருந்த போனைக் கவிழ்த்து வைத்தார். பிறகு, "நல்லா வச்சுக்கிடுவானாட்டி?" என்று மட்டும் கேட்டார். அம்மா அழுதுகொண்டே அடுப்பைப் பற்றவைத்தாள்.

பத்திரிகை கொடுக்க நானும் செல்வியும் கடைக்குப் போனோம். அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டு முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்தார்.

"அடடே, எனக்குத் தெரியவே தெரியாதே தாயி" என்றார்.

பொய் சொல்ல வராத மனுஷன். எங்கள் வீட்டுக்காக இரண்டு முறை சொல்லியிருக்கிறார்.