தனபாலன் கையொப்பமில்லாத பிரதிகள்

கண்டி,
ஆவணி, 1934.

நாவலப்பிட்டிக் கடைவீதியின் கௌரவமும் என் அம்மாவின் தம்பியுமாகிய வீரய்யா மாமா அவர்கள் சமூகத்துக்கு, மருமகன் தனபாலன் இரு கரமும் கூப்பி எழுதுவது. இங்கே மழையைத் தவிர எல்லோரும் சுகம். தங்கள் சுகமும் அத்தையின் கோபமும் எப்படியென்று எழுதவும்.

நிற்க. (உட்கார்ந்தும் வாசிக்கலாம்.) நான் மெட்டுப்போட்ட மழைப் பாட்டை ஸ்வரத்தோடு நானே அச்சிட்டு வெளியிட்டுவிட்டேன்! ஹுஸைன் நானாவின் அச்சகத்தில் பாதியிலேயே ஈய எழுத்துத் தீர்ந்து, "தம்பி, 'ம' முடிஞ்சி போச்சு. 'ரி' நெறையக் கிடக்கு, போடவா?" என்றார். "ஸ, ரி" என்றேன். மெட்டு இன்னும் நன்றாகிவிட்டது. கொழும்புச் சர்க்கார் காரியாலயத்தில் பதியப் பிரதிகள் அனுப்பினோம். பெரியவர்கள் புத்தகங்களில் போடுவதுபோல் கடைசிப் பக்கத்தில், "எனது கையொப்பமில்லாத பிரதி திருட்டுப் பிரதியாகும். இங்ஙனம், கண்டி தனபாலன்" என்று அடித்து, நூறு பிரதியிலும் கையொப்பமிட்டேன். கை வீங்கியது. தலை அதைவிட வீங்கியதென்பது அம்மாவின் கட்சி.

பதினைந்தே நாள், மாமா! நாடகக் கொட்டகை வாசலில் அதே பாட்டு விற்கிறது, அட்டையில் "ஆர்மோனிய வித்துவான் திருச்செல்வம் இயற்றியது" என்று! அன்று மாலை அங்கே நடக்கும் சங்கீத சபைக் கச்சேரியில் அது அவர் பெயரில் அரங்கேறிவிட்டால் அப்புறம் என் பேச்சை யார் நம்புவார்? வயிறெரிந்து ஒரு பிரதியைப் புரட்டினேன். அண்ணர் அட்டையை மட்டும் மாற்றிவிட்டு, "மிச்சத்தை உள்ளபடியே அடியுங்கோ" என்றிருக்கிறார் போலும். அவர் போன அச்சகத்தாரும் கடைசிப் பக்கம் வரை உள்ளபடியே அடித்திருக்கிறார்கள்!

சபைக் காரியதரிசியும் சனமும் நிற்கையில் பணிவாகப் போய், "அண்ணே, கண்ணு சரியாத் தெரியல. கடைசிப் பக்கத்தைக் கொஞ்சம் படிச்சுக் காட்டுங்களேன்" என்றேன். வித்துவானல்லவா, தொண்டையைக் கனைத்துக்கொண்டு கணீரென்று படித்தார். "...திருட்டுப் பிரதியாகும். இங்ஙனம், கண்டி த..." அங்கே சுருதி இறங்கிவிட்டது.

"உது அச்சுக்காரன்ர பிழை, தம்பி!"

"அப்ப மெட்டும் அச்சுக்காரர் போட்டதா, அண்ணே?"

சிரிப்பில் கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. காரியதரிசி மேடையேறி என் பெயரைச் சொல்ல, திருச்செல்வம் அண்ணரே வாசித்தார். நன்றாகவே வாசித்தார், பாவம். அவருடைய அறுபது பிரதியிலும் நான் கையொப்பமிட்டுவிட்டேன். இனி அவை திருட்டுப் பிரதிகள் அல்லவே!

அத்தைக்கு வணக்கம், குட்டி சீதாவுக்கு முத்தம். ஆசீர்வாதத்தை அடுத்த ரயிலிலேயே ஏற்றிவிடவும்.

தங்கள் கீர்த்திமிகு மருமகன்,
தனபாலன்

பி.கு.: அம்மா இப்போதுதான் பாட்டை முழுதாகக் கேட்டாள். "அடேய், இது உங்க மாமா சவரம் பண்ணுறப்ப சீட்டியடிக்கிறதில்ல?" என்கிறாள். யோசித்துப் பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் பதிவாகிவிட்டது, மாமா. ஆகவே இனிச் சவரத்துக்கு முன் என்னிடம் எழுத்துமூலம் அனுமதி பெற்றுக்கொள்ளவும்.