சந்திரிகாவின் இரண்டு கிலோ

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. மலாய் நாட்டு ஊரான ஆயர் ஈத்தாமில் சின்னையா மளிகைக் கடை வாசலில் அரிசி மூட்டை நிறுக்கும் இரும்புத் தராசு ஒன்று உண்டு. அந்தத் தராசின் மேல் கைவைத்துச் சத்தியம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு தைப்பூசத்தன்று காலை, குத்துச்சண்டைச் சாம்பியன் சந்திரிகா அதே தராசின் மேல் ஏறி நின்றாள். முள் ஐம்பத்து மூன்று கிலோவில் போய் நின்றது.

"இறங்கி ஏறு," என்றார் பக்கிரிசாமி. அவளுக்குத் தாய்மாமன், பயிற்சியாளரும் அவரே.

ஏறினாள். ஐம்பத்து மூன்று.

"செருப்பக் கழட்டு."

"நான் எப்ப மாமா செருப்பு போட்டேன்?"

உண்மைதான். அவள் ஓடுவதுகூட வெறுங்காலில்தான்.

"ராத்திரி என்ன சாப்பிட்ட?"

"அரை இட்லி. மீதி அரைய நீங்க சாப்பிட்டீங்க."

மறுநாள் சண்டைக்காகச் சாயங்காலம் ஐந்து மணிக்கு டவுன் மண்டபத்தில் எடை பார்ப்பார்கள். ஐம்பத்தொன்றுக்கு மேல் இம்மி கூடினாலும் பட்டம் போயிற்று. சண்டையே போடாமல் பெல்ட்டை, மோத வந்திருக்கும் தாய்லாந்துக்காரியிடம் தூக்கிக் கொடுக்க வேண்டியதுதான்.

சாதாரண பெல்ட்டா அது? சந்திரிகா மணல் மூட்டையில் இடது கையால் ஒரு குத்து விட்டால் மலைக்கு அந்தப்புறம் பாலிக் பூலாவில் டுரியான் பழம் உதிரும். தோட்டக்காரர்கள் அவளுடைய பயிற்சி நேரத்தை விசாரித்துக்கொண்டுதான் கூடையை எடுப்பார்கள். தாய்லாந்தின் ஹாட்யாய் நகரில் அவளிடம் அடி வாங்கி விழுந்த ஒருத்தி எழுந்ததும் சரளமாக மலாய் பேசினாள். அதுவரை அவளுக்கு மலாயே தெரியாது.

சின்னையாவின் மனைவி லெட்சுமி ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"உள்ள பருப்பு தீயுது பாரு," என்றார் சின்னையா. அவள் உள்ளே போய்விட்டாள்.

பக்கிரிசாமி தன்னுடைய மஞ்சள் மழைக்கோட்டை மருமகளுக்கு மாட்டிக் கழுத்துவரை பட்டன் போட்டார். "டவுன் வரைக்கும் ஓடு. வேர்த்துக் கொட்டுனா ரெண்டு கிலோ தானா போயிரும்லா."

அவள் ஓடினாள். அவர் சைக்கிளில் பின்னால் போனார்.

பாதி வழியில் தண்ணீர்ப்பந்தல்கள் ஆரம்பித்தன. முதல் பந்தலிலிருந்து ஒரு பெண்மணி குறுக்கே வந்து மோரை நீட்டினாள்.

"வேணாம்க்கா, எடை..."

"சாமி பந்தல்ல வேணாம்னு சொல்லுவாங்களா? குடி."

குடித்தாள். அடுத்த பந்தலில் பானகம். அதற்கடுத்ததில் சுண்டல், கூடவே கேசரி. பக்கிரிசாமி மனசுக்குள் ஒவ்வொரு கவளத்தையும் நிறுத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். நான்காவது பந்தல் நெருங்கியதும் சைக்கிளை முன்னால் மிதித்துப் போய்ச் சத்தமாகச் சொன்னார்.

"பிள்ளை விரதம்க்கா. பச்சத் தண்ணிகூடப் பல்லுல படக் கூடாது."

அந்தப் பந்தல் ஓய்வுபெற்ற ஆசிரியை நல்லம்மாவுடையது. அவர் சந்திரிகாவை ஏற இறங்கப் பார்த்தார். மஞ்சள் உடுப்பு, வெறுங்கால், வேர்வை.

"என் மருமகள் நேர்ந்துக்கிட்ட பால்குடம் இது. காலைல அவளுக்குக் கால் சுளுக்கிடுச்சு," என்றார். "முருகன்தான் உன்ன அனுப்பியிருக்கான்."

மறுநிமிடம் குடம் சந்திரிகாவின் தலையில் இருந்தது. ஊர்வலம் தண்ணீர்மலை முருகன் கோயிலை நோக்கிப் போனது. டவுன் மண்டபம் அதற்கு நேர் எதிர்த்திசை.

"மாமா, இப்ப என்ன செய்ய?"

"நட. குடத்தக் கீழ போட்டா பெல்ட்டும் போகும், புண்ணியமும் போகும்."

மலைப்படிகளைப் பார்த்ததும் அவருக்குத் தெம்பு வந்தது. ஏற ஏற எப்படியும் கொஞ்சம் கரையும். கரைந்திருக்கவும் கூடும். ஆனால் பாலை ஊற்றி முடித்த கையோடு நல்லம்மா அவளை அன்னதானப் பந்தியில் உட்கார வைத்துவிட்டார்.

"விரதம் முடிச்சவ சாப்பிடாமப் போனா எனக்குத்தான் பாவம்."

சோறு, சாம்பார், உருளைக்கிழங்கு, பாயசம். மறுபடியும் பாயசம்.

"பாயசம் நல்லா இருக்கு மாமா," என்றாள் சந்திரிகா. அன்று அவள் சிரித்தது அப்போதுதான்.

பக்கிரிசாமி சந்நிதியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "முருகா, எடைய மட்டும் கொறச்சுடு. அடுத்த வருசம் அலகு குத்திக் காவடி எடுக்குறேன்." ஆஸ்பத்திரியில் ஊசியைக் கண்டாலே மயங்கி விழுகிற மனிதர் அவர்.

ஐந்து மணிக்கு, ஓடி வந்த மூச்சு அடங்குமுன் சந்திரிகா மண்டபத்து எடைக்கருவியில் ஏறினாள். பக்கிரிசாமி கண்ணை மூடிக்கொண்டார்.

"ஐம்பத்தொன்று. சரியாக இருக்கிறது," என்றார் அதிகாரி.

மறுநாள் தாய்லாந்துக்காரி இரண்டாவது சுற்றைப் பார்க்கவில்லை. பெல்ட் வீட்டிலேயே தங்கியது.

அதற்கடுத்த நாள் பக்கிரிசாமி ஒரு சாமந்தி மாலையோடு மளிகைக் கடைக்கு வந்து, தராசுக்குப் போட்டுக் கும்பிட்டார். சின்னையா சாப்பிடப் போயிருந்தார். கடையில் லெட்சுமி மட்டும் இருந்தாள்.

"மோரு, கேசரி, ரெண்டு பாயசம். அவ்வளவும் தின்னும் ரெண்டு கிலோ கொறஞ்சுச்சு. இது முருகன் வேலை இல்லாம வேற என்னம்மா? முதுகு நெறயா அலகுன்னு முடிவு பண்ணிட்டேன்." சொல்லிவிட்டு முதுகைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

லெட்சுமி வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

"ஊசியெல்லாம் வேணாம்ணே. அது எப்பவும் ரெண்டு கிலோ கூடத்தான் காட்டும். எங்க மாமனார் காலத்துலேர்ந்து இந்தத் தராசு ஒரு நாளும் உண்மை சொன்னதில்லலா."