இடப்பக்கம் பாடாத பெட்டிகள்

கல்லடி, மட்டக்களப்பு
ஞாயிறு, பூசை முடிந்த கையோடு

அன்பு மச்சான் ஜெராட்டுக்கு,

மாதாவின் தயவில் உன் அக்கா இமெல்டாவும் நானும் சுகம். மெல்பேர்னில் நீயும் மேர்லினும் சுகமாய் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு முறைப்பாட்டைத் தொடங்குகிறேன்.

நீ கப்பலில் அனுப்பிய அம்பிளிபயரும் நான்கு ஸ்பீக்கர் பெட்டிகளும் எழுபதுகளின் றொக் இசைத்தட்டுகளும் உடையாமல் வந்து சேர்ந்தன. நீ சொன்னபடியே ஹோலின் நான்கு மூலையிலும் பெட்டிகளை வைத்து, நடுவில் என் கதிரையைப் போட்டு, ஒவ்வொன்றும் கதிரையிலிருந்து சரியாக ஏழடி வரும்படி நாடா பிடித்து அளந்தேன். முப்பத்தொரு வருஷம் வாய்க்கால் அளந்தவனுக்கு இது பெரிய வேலையில்லை. இதற்காகச் சாப்பாட்டு மேசை விறாந்தைக்குப் போனது, மூன்று கிழமையாகக் காகங்களோடு சாப்பிடுகிறோம், அதைக்கூட நான் குறையாகச் சொல்லவில்லை. குறை என்னவென்றால், இடப்பக்கத்துப் பெட்டிகள் இரண்டும் பாடவில்லை. முன்னுக்கு வலத்தில் தொடங்கும் கிற்றார் முதுகைச் சுற்றி இடப்பக்கமாக வரும் என்றாய். என் முதுகுக்குப் பின்னால் போகிறவன் அங்கேயே காணாமல் போய், கொஞ்ச நேரத்தில் ஒன்றும் நடக்காதவன் போல வலத்தில் நின்று வாசிக்கிறான்.

வாவிக்காற்று வயரைத் தின்றிருக்கும் என்று வயரை மாற்றினேன். சரிவரவில்லை. வந்தாறுமூலையில் றேடியோ திருத்தும் சுதாகரனைக் கூப்பிட்டேன். அவன் கதிரையில் இருந்து கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "நாலும் நல்லாப் பாடுது ஐயா" என்றான். "இடத்தையும் வலத்தையும் மாத்திப் போடு பாப்பம்" என்றேன். மாற்றினான். அதுவரை வலத்தில் முழங்கிய பெட்டி இடத்துக்குப் போனதும் வாயை மூடிக்கொண்டது, ஊமையாய்க் கிடந்தது வலத்துக்கு வந்து முழங்கியது. அவன் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டான். பிறகு வாசலைப் பார்த்திருந்த கதிரையைக் குசினிப் பக்கம் திருப்பி இருந்தேன். மச்சான், நீ நம்பமாட்டாய், பழுது ஹோலைக் கடந்து மற்றச் சுவருக்குப் போய்விட்டது! இப்படி நடந்து திரியிற பழுதை நான் என்ட சீவியத்தில காணல்ல. உன் அக்காவை இருத்திக் கேட்டால், "நாலு பக்கமும் கேக்குது, மழைக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கு" என்கிறா. தம்பி அனுப்பிய சாமானைக் குறை சொல்ல அவவுக்கு வாய் வராது. "உனக்கு ஒண்ணும் விளங்காது" என்று சத்தம் போட்டுவிட்டேன். இரண்டு நாளாக வீட்டில் பேச்சில்லை.

ஆகவே நல்ல செட் ஒன்றை அனுப்பு, இல்லையென்றால் இதைத் திருப்பி எடு. அதுவரைக்கும் நாம் மச்சான்மார் என்பதைச் சற்று ஒத்திவைப்போம்.

மேர்லினுக்கு எங்கள் அன்பு. உங்கள் இருவரையும் மாதா காக்கட்டும், இந்தப் பெட்டிகளை உனக்கு விற்றவனை மன்னிக்கட்டும்.

அத்தான்
பீற்றர்

பி.கு. (செவ்வாய்): கடிதத்தை ஒட்டுவதற்கு முதல் இமெல்டா எடுத்து வாசித்தா. வாசித்துவிட்டு என் பின்னால் வந்து இடது காதுக்குள் மெல்ல என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாவாம். நான் திரும்பவில்லை. வலப்பக்கம் வந்து, "நாளைக்குக் காது டொக்டரிட்டப் போறம்" என்றா. போனோம். இடது காது போய்ப் பத்து வருஷத்துக்கு மேல் இருக்குமாம், இனித் திரும்பாதாம். பெட்டிகள் நான்கும் நல்லவை.

கோயிலிலும் விறாந்தையிலும் உன் அக்கா எப்போதும் என் இடப்பக்கம்தான் இருப்பா. "அப்ப இவ்வளவு காலமும் நான் சொன்னதுக்கெல்லாம் ஓம், ஓம் எண்டீங்களே?" என்று கேட்டா. அவ சிரிக்கவுமில்லை, கோபிக்கவுமில்லை. தன் கதிரையைத் தூக்கி வலப்பக்கம் போட்டுக்கொண்டு, சொன்னதையெல்லாம் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினா. ஆவணியில் நீங்கள் இருவரும் வந்து மூன்று மாதம் எங்களோடு தங்குவதற்கும் நான் ஓம் சொல்லியிருக்கிறேனாம். இப்போது காதால் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்: ஓம், வாருங்கள்.